முந்தானையின் இரண்டு முனை

நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் தெட்சிணாமூர்த்தி, ஐம்பத்து நான்காவது வயதில் தன் மனைவிக்கு இரண்டு மூக்குத்தி போட்டுவிட்டார். மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நிஜ மனைவிக்கு இல்லை, பயப்படாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் அவர் செய்துகொண்டிருந்த மனைவிக்கு. அந்த வேலையில் முகத்தின் ஒரு பாதியைச் செய்தால் போதும், மறு பாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல மென்பொருளே செய்துகொள்ளும். மூர்த்தி சந்தோஷமாகப் பாதி முகத்தைச் செய்து, பாதி மூக்கில் மூக்குத்தியையும் குத்திவிட்டு, முழுசாகத் திருப்பிப் பார்த்தால் பெரியநாயகி இரண்டு பக்கமும் மினுக்கிக்கொண்டு நிற்கிறாள். இருபத்தெட்டு வருஷமாகக் கூடவே இருக்கும் மனுஷிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று மனுஷனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. எழுந்து போய் அடுப்படியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் ஒன்றை எடுத்தார்.

இந்தப் பைத்தியம் ஊரடங்கு சமயத்தில் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மன்சூர் அலி காரைக்காலில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரை, "எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்குது, எடுத்துட்டுப் போய்யா" என்று மூர்த்தி தலையில் கட்டினார். அதில் பொம்மைப் படம் செய்கிற இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. மூர்த்தி முதலில் ஒரு டம்ளர் செய்தார். அப்புறம் ஒரு வாளி. அப்புறம் ஒரு நாய். அது நடந்தபோது நாலு கால் மேசையை யாரோ தள்ளிக்கொண்டு போவது போலிருந்தது. ஆனாலும் தான் செய்த ஒன்று தன்பாட்டில் நடக்கிறதே என்று அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பொம்மைக்குள் எலும்புகள் வைக்க வேண்டும். எந்தச் சதை எந்த எலும்போடு போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். மாற்றிச் சொல்லிவிட்டால் போச்சு. கையைத் தூக்கினால் காதும் கூடவே கிளம்பும், முழங்கையை மடக்கினால் கை தோசை மாதிரி மடிந்துகொள்ளும். ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே தாரைவார்த்தார் மூர்த்தி. "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று பெரியநாயகி கேட்பாள். 

இந்த வருஷம்தான் ஒரு பிரயோஜனம் தோன்றியது.

எங்கள் காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிப் பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் சப்பரத்தில் வீதி வருவார். வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் கூடைகூடையாக மாம்பழங்களை வீசுவார்கள். பிள்ளை வேண்டி நிற்கிறவர்கள் கீழே முந்தானையை விரித்து ஏந்துவார்கள். மடியில் விழுந்த கனியைப் புருஷனும் பெண்டாட்டியும் பங்கிட்டுச் சாப்பிட்டால் அடுத்த ஆனிக்குள் தொட்டில் கட்டிவிடலாம் என்பது நம்பிக்கை.

இரண்டாயிரமாவது வருஷம். மூர்த்திக்கும் பெரியநாயகிக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு இருபத்தொன்பது, அவளுக்கு இருபத்து நாலு. ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். அன்றைக்கு அவள் கஞ்சி போட்ட மயில்கழுத்துக் கலர் கைத்தறிச் சேலை கட்டி, தலை கொள்ளாமல் கனகாம்பரம் வைத்திருந்தாள். என்ன வெயில்! தார் ரோட்டில் நசுங்கிய பழங்களின் வாசனை மூக்கைத் துளைத்தது. செருப்பில்லாமல் நெரிசலுக்குள் நின்று முந்தானையை இருவருமாக விரித்தார்கள். ஒரு முனையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறு முனை இவர் கையில். மேளம் நெருங்கி வந்தது. எந்த மாடியிலிருந்தோ ஒரு பழம் பறந்து வந்து, 'தொப்'பென்று நடு முந்தானையில் விழுந்தது. பெரியநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். கூட்டத்தில் பெண்கள் அப்படிச் சிரிக்கக் கூடாது என்றெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த நிமிஷம் பழம் இல்லை. உருண்டு வந்து மூர்த்தியின் கால் கட்டைவிரலில் இடித்துவிட்டுக் கூட்டத்தின் காலடியில் போய்க் கூழாகிவிட்டது.

"ஐயோ, விட்டுட்டியேடி!" என்று நடுத்தெருவில் கத்தினார் மூர்த்தி.

அதைப் பின்னால் நின்ற அவருடைய அக்கா காசியம்மா கேட்டாள். நெரவியில் வாழ்க்கைப்பட்டவள், நிலபுலம் உள்ள குடும்பம், மனசு தங்கம், வாய் மட்டும் ஓட்டை. அன்றிலிருந்து பெரியநாயகி குடும்பத்தில் 'மடியில விழுந்த கனியத் தவற விட்டவ' ஆகிவிட்டாள். தஞ்சாவூர் டாக்டர், பாண்டிச்சேரி டாக்டர் என்று பத்து வருஷம் அலைந்ததும், யாரிடமும் குறையில்லை என்று அவர்கள் கையை விரித்ததும் அப்புறம் நடந்தவை. பிள்ளை பிறக்கவில்லை. ஒரு மாம்பழம் போனதால் பிள்ளை நிற்கவில்லை என்று நம்புகிற ஆள் இல்லை மூர்த்தி. ஆனால் ஒவ்வொரு ஆனியிலும் காசியம்மா வருவாள். ஏந்தப் போகிற சின்னப் பெண்களிடம், "கெட்டியாப் புடிங்கடி, நாயகி மாதிரி விட்டுறாதீங்க" என்பாள். பெரியநாயகி சிரித்துக்கொண்டே கீழே கிடக்கும் எதையாவது பொறுக்குவாள். மூர்த்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கே அவருக்கு ஓர் அறை கொடுக்கலாம்.

அவர் கெட்டவரும் இல்லை. அவளுக்கு அந்தப் பழத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குள் ஓர் ஆசை எப்போதும் இருந்தது. இந்த ஆனியோடு இருபத்தைந்து வருஷம். நாற்பது விநாடி படம் ஒன்று செய்வது. அதே தெரு, அதே முந்தானை, அதே சிரிப்பு. பழம் மட்டும் விழாது, மடியிலேயே இருக்கும். திருவிழா அன்று டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். இதுதான் திட்டம். அவளிடம் மூச்சு விடவில்லை.

சித்திரையில் ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் எடுத்த ஒரே ஒரு ஸ்டுடியோ படத்தை வைத்துக்கொண்டு இருபத்து நாலு வயசுப் பெரியநாயகியின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடித்தார். படத்தில் இல்லாததெல்லாம் ஞாபகத்தில் வந்தது. கோபம் வந்தால் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். பின்கட்டில் கரண்டு போனால் முறத்தால் விசிறிக்கொண்டே கதை சொல்வாள். கதை முடிவதற்குள் அவளே தூங்கிவிடுவாள். அலுவலகம் விட்டு இவர் சைக்கிள் மணி அடித்தால், நடக்க மாட்டாள், சந்து முழுக்க ஓடிவருவாள். அவள் ஓடுவதை நிறுத்தி எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். அவளுக்கு இப்போது முட்டிவலி. தையல் மிஷினை மிதிப்பதற்கே மோட்டார் வைத்தாகிவிட்டது.

தன்னையும் செய்துகொண்டார். மீசையைச் சரியாக வைத்தார். தலைமுடியைத்தான் கொஞ்சம் தாராளமாக நட்டுவிட்டார்.

"என்னங்க, அந்தப் பொட்டியப் பாத்துத் தனியா இளிச்சிக்கிட்டு?" என்று ஒரு நாள் பெரியநாயகி பின்னாலேயே வந்து நின்றாள். மூர்த்தி பதறிப்போய் வானிலை அறிக்கையைத் திறந்தார்.

"மழை வருமான்னு பாத்தேன்."

"சித்திர மாசத்துல மழைக்கு இளிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சேலைதான் உயிரை வாங்கியது. துணியை நாம் வரைந்து அசைக்க முடியாது. இவ்வளவு கனம், இவ்வளவு விறைப்பு, இந்த இடத்தில் பிடிமானம் என்று சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நிஜத் துணி மாதிரியே விழ வைக்கும். மூர்த்தி முதலில் ஆறு கெஜத்தையும் சுற்றிக் கட்டிவிட்டு ஓடவிட்டார். கொசுவத்துக்குப் பிடிமானம் வைக்க மறந்துவிட்டார். சேலை மொத்தமும் அவிழ்ந்து காலடியில் சரிந்தது. ஐயையோ என்று மனுஷன் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவிட்சையே அணைத்துவிட்டார். அதற்கப்புறம் புத்தி வந்து, உடம்பில் இருக்கும் சேலையை உடம்போடு சேர்த்தே செய்துவிட்டு, முந்தானையை மட்டும் துணியாக வைத்துக்கொண்டார்.

துணி விஷயத்தில் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. முப்பது வருஷம் ரவிக்கை தைத்தவள்.

"நாயகி, கஞ்சி போட்ட கைத்தறி முந்தானைய ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சா எவ்ளோ தொங்கும்?"

"எவ்ளோ தூரத்துல நிக்கிறாங்க?"

"ஒரு கை நீளம்."

"சாண் அளவு தொங்கும். கஞ்சி இல்லேன்னா மொழம் தொங்கும். ஏன், ஜவுளிக்கட வைக்கப் போறீங்களா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது?" என்றாள். ஆனால் மேற்கொண்டு துருவவில்லை. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு ஒரு பழைய துணியை எடுத்து, எப்படித் தொங்கும் என்று பிடித்தே காட்டினாள்.

முந்தானை தொங்கியது. ஒரு முனையைப் பொம்மை நாயகியின் கைகளிலும் மறு முனையைப் பொம்மை மூர்த்தியின் கையிலும் பின் குத்தினார். இந்த பின் என்பது கண்ணுக்குத் தெரியாத ஊசி. அது இருக்கும் வரை அந்த முனை கையை விட்டு நகராது. மாம்பழத்தை மேலேயிருந்து போட்டார். பழம் துணியை ஊடுருவிக்கொண்டு நேராகத் தரைக்குப் போய்விட்டது. துணி அசையக்கூட இல்லை. மறுபடி போட்டார், மறுபடியும் பேய் மாதிரி உள்ளே புகுந்து வெளியே போனது. மூர்த்திக்கு மண்டை காய்ந்தது. மன்சூர் அலிக்கு ஃபோன் போட்டார்.

"வேகமா வருதுய்யா பழம். கம்ப்யூட்டரு கண்ணச் சிமிட்டுற நேரத்துல தாண்டிப் போயிருது" என்றார் மன்சூர். "ஒரு விநாடிய இன்னும் சின்னச்சின்னதா வெட்டிக் கணக்குப் போடச் சொல்லு. துணிக்குக் கொஞ்சம் தடிமன் குடு."

அப்படியே செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கம்ப்யூட்டர் உஸ்ஸென்று மூச்சிரைத்துக் கணக்குப் போட்டது. போட்டுப் பார்த்தால், பழம் வந்து 'தொப்'. முந்தானை ஒரு சாண் இறங்கி, ஏறி, ஆடி நின்றது. நடுவில் பழம் தொட்டிலில் கிடக்கிற மாதிரி கிடந்தது. பொம்மை நாயகி சிரித்தாள். மூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கமில்லாமல் நாலு தடவை போட்டுப் பார்த்தார்.

அதோடு எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம். ஐந்தாவது தடவை பார்க்கும்போதுதான் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. இவ்வளவு பாந்தமாக உட்காருகிற பழம் அன்றைக்கு மட்டும் ஏன் விழுந்தது?

பழத்தின் கனத்தைக் கூட்டினார். அரைக் கிலோ, ஒரு கிலோ, கடைசியில் ஒரு தேங்காய் கனம். இரண்டாவது மாடியிலிருந்து வீசினார். கஞ்சியை எடுத்துவிட்டுத் துணியைத் தளர்த்தினார். முந்தானை முழங்கால் வரை தொய்ந்தது, குதித்தது, ஆனால் பழத்தை விடவில்லை.

"மன்சூரு, பழம் விழ மாட்டேங்குது."

"போன வாரம் நிக்க மாட்டேங்குதுன்ன. இப்ப விழ மாட்டேங்குதுங்கற. ஒனக்கு என்னதான்யா வேணும்?" மன்சூர் அலி சலித்துக்கொண்டார். "ரெண்டு முனையும் புடிச்சிருக்கிற வரைக்கும் அது எங்கேருந்து விழும்? ஒரு பின்ன எடுத்துவுடு. தன்னால விழும்."

மூர்த்தி முதலில் நாயகி பக்கத்துப் பின்னை எடுத்தார். அவள் பக்கம் துணி சரிந்தது. பழம் அவள் காலடியில் உருண்டு அவளுக்குப் பின்னால் போனது. இல்லையே, அப்படி நடக்கவில்லையே. பழம் வந்து இடித்தது தன் கட்டைவிரலில். அன்றைக்குச் சாறு பட்டு விரல் பிசுபிசுத்ததும், வீட்டுக்கு வந்து அடிபம்பில் காலைக் கழுவியதும் நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. சரி என்று அவள் பின்னைத் திரும்ப வைத்துவிட்டுத் தன் பக்கத்துப் பின்னை எடுத்தார். துணி இந்தப் பக்கம் சரிந்தது. பழம் அதன் மேலேயே சறுக்கி வந்து, பொம்மை மூர்த்தியின் இடது கால் கட்டைவிரலில் இடித்து, கூட்டத்துக்குள் ஓடியது.

அப்படியே. அணு பிசகாமல் அப்படியே.

"கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?" என்று வாய்விட்டுச் சொன்னார். மூன்று தடவை மாற்றி மாற்றி ஓடவிட்டார். மூன்று தடவையும் அதே பதில்தான். 'நான் எதற்கு விடப்போகிறேன்?' என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிள்ளை வேண்டுமென்று துடித்துக்கொண்டு நின்றவன் கையில் பிடித்ததை ஏன் விடப்போகிறான்?

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொம்மை என்ன செய்ய வேண்டுமோ அதை முதலில் தாங்களே செய்து பார்த்து ஃபோனில் படம் பிடித்துக்கொள்வார்கள். கை எப்படிப் போகிறது, தோள் எப்படி ஏறுகிறது என்று அதைப் பார்த்துச் செய்வார்கள். மூர்த்தியும் அப்படித்தான். அடுத்த ஞாயிறு பெரியநாயகி ஊக்கும் நூலும் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய பழைய சேலை ஒன்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டார். ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்தார். போன வருஷத் திருவிழா வீடியோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் சத்தமாகப் போட்டார். மேளம் தூரத்தில் கேட்டது. மூர்த்தி விறைப்பாக, விட மாட்டேன் பார் என்று பிடித்துக்கொண்டு நின்றார். மேளம் நெருங்கியது. யாரோ "சப்பரம் வந்துட்டு, சப்பரம் வந்துட்டு" என்று கூவினார்கள். வீடியோவில் நூறு குரல் எழுந்தது.

சத்தம் கடந்து போன பிறகுதான் மூர்த்தி கண்ணைத் திறந்தார். சேலை தரையில் கிடந்தது.

ஃபோனை எடுத்துப் பார்த்தார். தொப்பை விழுந்த ஓர் ஆள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குரல் எழுந்ததும் அவருடைய கைகள் தாமாகவே மேலே போகின்றன. தலைக்கு மேல் குவிகின்றன. கண் மூடிக்கொள்கிறது. சேலை எப்போது விழுந்தது என்றே அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

சாமி கடக்கும்போது கும்பிடாத கை எங்கள் பக்கம் இருக்கிறதா? பஸ்ஸில் போகும்போதுகூடக் கோபுரத்தைக் கண்டால் ஒரு கை கம்பியை விட்டுவிடும். அவருக்கு அது ஞாபகத்தில் இல்லாததில் ஆச்சரியம் இல்லை. கண்ணைத் திறந்தார், காலில் பழம் இடித்தது, எதிரே அவள் முந்தானையோடு நின்றாள். 'விட்டுட்டியேடி' என்று கத்திவிட்டார். தான் கத்தியதைத் தானே நம்பி இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டார்.

"ஏங்க, சீலைய ஏன் ஜன்னல்ல கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே பெரியநாயகி உள்ளே வந்தாள்.

"காயப் போட்டேன்."

"பீரோவுல இருந்த சீலையயா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சூடு இல்லியே. ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? மோரு கொண்டாரட்டுமா?" என்றாள். மோர் கொண்டுவந்தும் கொடுத்தாள். அந்த மோரை அவர் எப்படிக் குடித்தாரோ, எனக்குத் தெரியாது.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. பழம் மடியில் தங்குகிற படம் தயாராகவே இருந்தது. அதைப் போட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள், பெரியநாயகி சந்தோஷப்படுவாள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பேசாமல் இருந்துவிடுவது எவ்வளவு சுலபம்! அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் எழுந்து, கை கூப்புகிற இன்னொரு படத்தையும் செய்தார். சும்மா செய்து பார்க்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இரண்டையும் ஒரே பென் டிரைவில் ஏற்றினார். எதைப் போடப்போகிறார் என்று திருவிழா அன்று காலை வரை அவருக்கே தெரியாது.

காசியம்மா முதல் நாளே வந்து இறங்கிவிட்டாள், கூட மருமகள் சிவப்ரியா. சிவப்ரியாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். இந்த வருஷம் அவள் ஏந்தப் போகிறாள். புருஷன் பைக்கை எடுக்கப் போயிருந்தான். பெண்கள் மூவரும் பூ வைத்துக்கொண்டு கிளம்பி நின்றார்கள். எங்கோ வெடிச்சத்தம் கேட்டது.

"முந்தானைய நல்லாச் சுத்திப் புடிச்சிக்க" என்றாள் காசியம்மா மருமகளிடம். "பழம் விழுந்தோன்ன மெரளக் கூடாது. ஒன் அத்தை இருக்காளே, நல்லாத்தான் ஏந்துனா, நல்லாத்தான் விழுந்துச்சு, கோட்ட விட்டுட்டா. அந்த மாதிரி விட்டுறாத."

பெரியநாயகி சிரித்தாள். சிரித்தபடியே குனிந்து தரையில் உதிர்ந்திருந்த ஒரு கனகாம்பரத்தைப் பொறுக்கினாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் உக்காருங்க" என்றார் மூர்த்தி. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு படம் போடுறேன். நாப்பது விநாடிதான்."

"சாமி பொறப்பட்டிரும்டா."

"உக்காருக்கா."

பென் டிரைவைச் செருகினார். இரண்டு பெயர்கள் திரையில் வந்தன. இரண்டாவதை அழுத்தினார்.

"அட, நம்ம நாயகி! மயில்கழுத்துச் சீல!" என்று காசியம்மா கூவினாள். "மாமாவுக்கா இவ்ளோ முடி?" என்று சிவப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியநாயகி கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு பார்த்தாள். திரையில் பழம் வந்து விழுந்தது. பொம்மை நாயகி சிரித்தாள். சப்பரத்தைச் செய்ய மூர்த்திக்குத் திராணி இல்லாததால் அதன் வெளிச்சம் மட்டும் தெருவில் ஊர்ந்து வந்தது. வெளிச்சம் பட்டதும் பொம்மை மூர்த்தியின் விரல்கள் திறந்தன. கைகள் மேலே போய்க் குவிந்தன. கண் மூடியது. அவர் பக்கத்து முந்தானை சரிந்தது, பழம் சறுக்கி அவர் காலில் இடித்து ஓடியது. சுற்றிலும் எல்லோரும் கை கூப்பி நிற்க, அவள் ஒருத்தி மட்டும் தன் முனையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். படம் அங்கே நின்றுவிட்டது.

"என்னடா இது... நீயாடா?" என்றாள் காசியம்மா.

"நாந்தாங்க்கா. சாமி வந்தோன்ன கையெடுத்துட்டேன். விட்டது நானு. அவ விட்டான்னு கத்துனதும் நானு. இப்பத்தான் தெரிஞ்சுது."

"சாமி வரப்ப கையெடுக்காம யாருடா நிப்பாங்க?" தம்பியை விட்டுக்கொடுக்க முடியாமல் அவள் வாய் முந்திக்கொண்டது.

"அவ நின்னாளேக்கா."

காசியம்மா வாயை மூடினாள். இருபத்தைந்து வருஷத்தில் அது அப்படி மூடி நான் கேள்விப்பட்டதில்லை.

"திருப்பிப் போடுங்க" என்றாள் பெரியநாயகி.

போட்டார். இன்னும் ஒரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றாள். பொம்மையின் கையில் விரல் வைத்தாள்.

"இது என் கையா?"

"ம்."

"ரெண்டு கையும் புடிச்சிருக்கு."

"ம்."

"எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்குங்க. சப்பரம் தாண்டுனப்ப எல்லாரும் கையெடுத்தாங்க, நான் எடுக்கல. சாமியக் கும்புடாம நின்ன பாவந்தான், அதான் பழம் தங்கல, அதான் ஒண்ணுமே தங்கலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். யார்ட்டயும் சொன்னதில்ல." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுக்காத கையி அப்ப என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கணும்ல? நீங்க விட்டுட்டியேன்னீங்க. அண்ணி சொன்னாங்க. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் விட்டுட்டேன் போலருக்குன்னு எனக்கே..."

சிவப்ரியா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ விடல, நாயகி" என்றார் மூர்த்தி.

"சத்தமாச் சொல்லுங்க."

"நீ விடல."

"அன்னிக்கு நடுத்தெருவுல கத்துனீங்கள்ல, அவ்ளோ சத்தமாச் சொல்லுங்க."

மூர்த்தி நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தார். சொன்னார். குரல் உடைந்து பாதிதான் வெளியே வந்தது.

"கேக்கல" என்றாள் பெரியநாயகி.